நகர்நலமும் நம் வாயிலும்

ஒரு நகரின் மேன்மையை அளந்தறிய விழைவோர் அதன் மாடமாளிகைகளையும் கடைவீதிகளையும் கலாசாலைகளையும் எண்ணிக் காட்டுவர். நம் சென்னைமாநகரைப் பற்றிப் பேசுங்கால் மற்றொன்றையும் கூட்டி எண்ணுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. அதுவே மருத்துவசாலைகளின் தொகை. அயல் மாநிலத்தாரும் அயல்நாட்டாரும் தம் நோய் தீர ஈண்டு வந்து தங்குவதைக் கண்டு, 'இந்தியாவின் மருத்துவத் தலைநகர்' என்று நம் நகரை நாமே வாழ்த்திக்கொள்கின்றோம். அவ்வாழ்த்தைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும், அடுக்கடுக்காய் உயர்ந்து நிற்கும் மருத்துவசாலை நகரத்தாரின் நலத்துக்கு அறிகுறியோ, நோய்க்கு அறிகுறியோ என்னும் ஐயம் எமக்கு நெடுநாளாக உண்டு. சிறைச்சாலைகள் பெருகிய நாட்டை ஒழுக்கம் மிக்க நாடு என்று எவரும் புகழக் கேட்டிலோம்.

யாம் தமிழ் பயிலும் மாணவர், மருத்துவம் அறியோம். உயிரியல் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் படியேறியதும் இல்லை. எனினும், பொதுச் சுகாதாரத்தின் வரலாறு மருத்துவர்க்கு மட்டுமே உரிய வரலாறன்று என்பதைச் சிறிது படித்தும், பெரிதும் எம் வீட்டாரிடம் கேட்டும் உணர்ந்தோம். உணர்ந்ததைச் சுருங்கச் சொல்லின் இதுவே: இந்நகரத்தார் தம் முன்னோரினும் நெடிது வாழ்வதற்குப் பெருங்காரணர், நலத்தைக் கையில் ஏந்தி வீடுவீடாக வந்து வாயிலைத் தட்டியவர்களே. அவர்களுக்கு நாம் பெரும்பாலும் கதவடைத்தே வந்திருக்கின்றோம்.

எம் பாட்டியார் மயிலாப்பூரிற் பிறந்து வளர்ந்தவர். அவர்தம் மேற்கையில் காசளவான வட்டத் தழும்பு இரண்டு உள. சிறு பருவத்தில் யாம் அவற்றைத் தொட்டுத் தொட்டு வினவுவோம். 'அம்மை குத்தின வடு' என்பார். அம்மை குத்துபவர் தெருமுனையில் தலைகாட்டியதும் தாய்மார் பிள்ளைகளை ஒளித்துவைப்பது அக்காலத்து வழக்கமாம். எம் பாட்டியாரை அவர்தம் அன்னையார் நெற்குதிரின் பின்னே நிறுத்தி, மூச்சுக் காட்டாதே என்று எச்சரித்து வந்தாராம். குதிரின் தூசு மூக்கில் ஏறத் தும்மல் வந்தது; பிள்ளை அகப்பட்டுக்கொண்டது. 'அன்று நான் தும்மாதிருந்தால் நீ ஏது?' என்று இன்றும் சொல்லி நகைப்பார். அம்மன் சீற்றத்துக்கு அஞ்சிய அயலாரும், அவ்வச்சம் தமக்கில்லை என்று ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வந்த எம் குடும்பத்தாரும் பிள்ளையை ஒளித்துவைப்பதில் மட்டும் ஒரே மதத்தினராயிருந்தனர் போலும்.

அம்மைப்பால் குத்தும் முறை நம் நாட்டுக்கு வந்தது 1802ஆம் ஆண்டில். ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் 1796இல் கண்டறிந்த அம்முறை, பம்பாயில் இறங்கி அவ்வாண்டிலேயே சென்னையையும் எட்டியது. மக்கள் அஞ்சி விலகினர். இவ்விடத்துத் தமிழ் மாணவராகிய எமக்குச் சுவை பயக்கும் செய்தி ஒன்று உண்டு. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கியவரும் சென்னையின் கலெக்டராயிருந்தவருமான எல்லிஸ் துரை, சக்தி தேவியே தன்வந்திரிக்கு அம்மைப்பாலின் பெருமையை உபதேசிப்பதாக ஒரு கதையைத் தமிழில் எழுதினார் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். புதுமருந்தைப் பழங்கதையின் போர்வையிற் பொதிந்து தந்தால் மக்கள் கதவு திறப்பர் என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லது, போர்வை பொய். பொய்யைக் கொண்டு திறப்பிக்கும் கதவு பின்னொரு நாள் மெய்க்கும் மூடிக்கொள்ளும் என்பது எம் கருத்து. எல்லிஸ் துரையின் தமிழன்பிற் குறை காணோம். அவருடைய இவ்வொரு செயலை மட்டும் யாம் ஏற்கமாட்டோம்.

வேறொருவர் நேர்வழியிற் சென்றார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த கிங் என்பார் கண்ட குறை இது: கன்றின் தோலிற் பயிராக்கிய அம்மைப்பால் நம் நாட்டு வெயிலிற் கெட்டுப்போகின்றது, கெட்ட பாலைக் குத்தினால் பலன் இல்லை, பலன் இல்லையெனில் அடுத்த முறை எவர் கை நீட்டுவார்? ஆதலின் ஆட்டுமயிரினின்று எடுக்கும் லனோலின் என்னும் கொழுப்பில் அப்பாலைக் குழைத்து வெயில் தாங்கச் செய்தார். 1899ஆம் ஆண்டில் கிண்டியில் நிறுவப்பெற்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் அம்மைப்பாலை ஆக்கி வழங்குதற்கென்றே எழுந்தது. எம் பாட்டியார் கையிற் குத்தியதும் கிண்டியிலிருந்து வந்ததாகவே இருத்தல் கூடும். 1975இல் நம் நாட்டிற் கடைசிப் பெரியம்மை நோயாளி காணப்பட்டார். 1980இல் உலகெங்கும் அந்நோய் அற்றதென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. எம் தலைமுறையார் மேற்கையில் அவ்விரட்டைத் தழும்பு இல்லை. பாட்டியாரின் தழும்பே எம் தோலின் வழுவழுப்புக்கு விலை.

அதே கிண்டி வளாகத்தில் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1000 படுக்கைகளைக் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஏழைகள் பயன்பெறும் அப்பெருமனை எழுந்தது நன்றே. ஆயினும், பேருந்தில் அவ்வழிச் செல்லும் நண்பர் பதின்மரை வினவிப் பார்த்தோம். புதிய மருத்துவமனையைப் பதின்மரும் அறிந்திருந்தனர். நூறாண்டு கடந்த பழைய நிலையத்தை அறிந்தவர் ஒருவரே. அவரும் 2020இல் இம்மாநிலத்தில் கோவிட் பரிசோதனை முதலில் நடந்த இடம் அதுவென்று செய்தித்தாளிற் படித்தவர். நோய் தீர்ந்தவன் மருத்துவரை நினைக்கின்றான். நோயே வாராதிருந்தவன் எவரை நினைப்பான்? வாராத நோய்க்கு நாள் இல்லை, படுக்கை இல்லை, நன்றிக் கடிதமும் இல்லை.

நிற்க. வாயிலுக்கு வந்தவற்றுள் தலையாயது தண்ணீர். 1863இல் இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையின் சுகாதாரம் குறித்து அரச ஆணைக்குழுவொன்று அறிக்கை வெளியிட்டது. அவ்வறிக்கைக்குப் பெருந்துணை செய்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நம் நாட்டில் ஒருநாளும் கால்வைத்தவரல்லர். எனினும் நம் கிணறுகளின் அழுக்கையும் சாக்கடைகளின் நாற்றத்தையும் ஈண்டு வாழ்ந்தவரினும் தெளிவாக எழுதினார். அடுத்த ஆண்டே மாகாணந்தோறும் சுகாதார ஆணைக்குழுக்கள் அமைந்தன. 1872இல் செங்குன்றம் ஏரியின் நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு வந்து, அங்கிருந்து குழாய்களிற் புகுந்தது. ஆயினும் அது வடிகட்டப்படாத நீர். வாந்திபேதிக்குக் காரணமான கிருமியைக் கோக் என்னும் ஜெர்மானியர் 1884இல் கல்கத்தாவின் குளமொன்றில் கண்டு காட்டிய பின்னரும், நம் நகரத்தார் மணலில் வடித்த நீரைப் பெறுதற்கு 1914 வரை காத்திருக்க நேர்ந்தது. ஏரி நீரைக் கொணரும் ஊக்கம் எளிதிற் பிறக்கின்றது. அதனைத் தூய்மையாக்கும் ஊக்கம் நாற்பதாண்டு பிந்திப் பிறக்கின்றது. இது சென்னைக்கு மட்டும் உரிய குணமன்று.

வாந்திபேதி தொலைந்தது என்று நம் முன்னோர் மகிழ்ந்திருப்பின் அம்மகிழ்ச்சி முதிராத காய். 1992ஆம் ஆண்டில், அதுகாறும் உலகம் கண்டிராத புதுவகை வாந்திபேதிக் கிருமி ஒன்று பரவியது. ஓ139 என்று அறிஞர் எண்ணிட்டு வழங்கும் அது முதலிற் கொள்ளைநோயாகத் தோன்றிய இடம் வேறெங்கும் இல்லை, நம் சென்னையே. புதுக்கிருமிக்குப் பிறப்பிடம் என்னும் புகழை மருத்துவத் தலைநகர் தன் பட்டயங்களிற் பொறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நீரைக் கொணர்வது பாதி. நின்ற நீரைப் போக்குவது மறுபாதி. மயிலாப்பூரின் மேற்கே நீண்டு கிடந்த பேரேரியை 1920களிற் தூர்த்து எழுப்பியதே தியாகராய நகர். அதன் அகன்ற வீதிகளும் பனகல் பூங்காவும் அக்காலத்து நகரமைப்புக்கு நற்சான்று. ஆனால், மக்கள் ஏரியை மறந்தனரேயன்றி நீர் தன் இடத்தை மறக்கவில்லை. கார்காலந்தோறும் அது பழைய வீட்டைத் தேடி வருகின்றது. முழங்காலளவு நீரில் நகைக்கடைகளின் விளக்கு மின்னுகின்றது. பக்கிங்ஹாம் கால்வாயின் கதையும் அத்தகையது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே அக்கால்வாயை வெட்டுவித்தனர். உப்பும் விறகும் ஏற்றிய ஓடங்கள் சென்ற அந்நீர்வழியில் இன்று பறக்கும் இரயிலின் தூண்கள் நிற்கின்றன. மயிலாப்பூரில் அதனைக் கடப்போர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கின்றனர். பஞ்சத்தில் மெலிந்த கைகள் வெட்டித் தந்த கால்வாயை, வயிறு நிறைந்த நாம் சாக்கடையாக்கினோம்.

இனி, கதவடைத்தலைப் பற்றி ஒரு சொல். யாம் இதுகாறும் எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர், 'அதிகாரிகள் வீட்டினுள் புகுவதை நீர் புகழ்கின்றீர். புகுந்தவர் செய்த கொடுமையை மறந்தீரோ?' என்று எம்மை மறித்தார். மறக்கவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. 1897இல் பூனா நகரிற் படைவீரர் வீடுவீடாகப் புகுந்து, அடுக்களையையும் பூசையறையையும் மிதித்துத் துழாவினர். பெண்டிரை அவமதித்தனர் என்னும் முறையீடும் எழுந்தது. அவ்வேலைக்குத் தலைவராயிருந்த ராண்ட் துரை அவ்வாண்டு ஜூன் திங்களிற் சுடப்பட்டு இறந்தார். கதவை உதைத்துத் திறப்பவனுக்கும் தட்டி நிற்பவனுக்கும் வேற்றுமை உண்டு. நோயை வெறுக்கும் அரசு நோயாளியையும் வெறுக்கத் தொடங்கின், அவன் நோயை மறைப்பான். மறைத்த நோய் பரவும். நம் காலத்திலும், 2020இல், நோய்கண்ட வீடுகளின் வாயிலைத் தகரத்தால் அடைத்த காட்சியை இந்நகரத் தெருக்களிற் கண்டோம். தகரத்தின் உள்ளிருந்தவர்க்கு எவ்வாறிருந்ததோ, யாம் அறியோம். வெளியிலிருந்து பார்த்த எமக்கு அது நலம் வந்த வாயிலாகத் தோன்றவில்லை. மக்களாகிய நாமும் குறைந்தவரல்லேம். அவ்வாண்டு ஏப்ரலில், கோவிட் நோயால் உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாது ஒரு கூட்டம் கல்லெறிந்தது. கல்லறையின் கதவைக்கூட அடைத்தோம். இதனை எழுதும்போது எம் கை கூசுகின்றது.

நண்பர் மறித்ததற்கு விடை சட்டத்தில் ஒருபகுதி உண்டு. 1939ஆம் ஆண்டில், இராஜாஜி முதலமைச்சராயும் மருத்துவராகிய தி. சே. சௌ. ராஜன் சுகாதார அமைச்சராயும் இருந்தபோது, சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இத்தகைய முழுமையான சட்டம் அதுவே முதலாவது. 1897ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம் அரசுக்கு அதிகாரத்தை மட்டும் தந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டமோ நல்ல நீரும் வடிகாலும் தருதல் ஊராட்சியின் கடமை எனவும் வரைந்தது. அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்து வந்தது என்பதே அதன் சிறப்பு. எண்பதாண்டுக்குப் பின் கோவிட் வந்தபோது நம் அரசு எடுத்த கருவிகளுள் அப்பழஞ்சட்டமும் ஒன்று. மருத்துவம் பார்ப்பவர் வேறு, சுகாதாரம் காப்பவர் வேறு எனத் தனித் துறையும் தனிப் பணியாளரும் நெடுங்காலமாக இருந்துவருதல் தமிழ்நாட்டின் தனிச்சிறப்பென்று பிற மாநிலத்தார் நம்மைப் பார்த்துச் சொல்கின்றனர். நாம் அதனை அறிந்திலோம்.

விடையின் மற்றைப் பகுதி சேத்துப்பட்டில் உண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம். ஏனெனில் உலக மருத்துவ வரலாற்றில் நம் நகரம் எழுதிய ஏடு அதுவே. காசநோய்க்கு முற்காலத்தில் மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல உணவு, நெடிய ஓய்வு ஆகிய மூன்றே சிகிச்சை. ஆதலின் ஊருக்கு அப்பால் ஆரோக்கிய நிலையங்கள் அமைத்தனர். மதனப்பள்ளியில் மிஷன் சங்கத்தார் ஒன்றுகூடி 1915இற் திறந்த ஆரோக்கியவரமும், 1928இல் சௌரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் தாம்பரத்தில் அமைத்த நிலையமும் அத்தகையன. அவற்றின் தொண்டு பெரிது. எனினும் நோயாளரோ இலட்சக்கணக்கினர். படுக்கைகளோ சில ஆயிரம். யோவான் எழுதின சுவிசேஷத்திற் பெதஸ்தா குளத்தின் கரையில் முப்பத்தெட்டாண்டு கிடந்தவனைப் பற்றிப் படித்திருக்கின்றோம். நீர் கலங்கும்போது முதலில் இறங்குபவனுக்கே சுகம். இவனைத் தூக்கிவிடுவார் ஒருவரும் இல்லை. ஆரோக்கிய நிலையத்தின் வாயிலில் இடமின்றித் திரும்பிய ஏழை நெசவாளியும் வண்டியோட்டியும் அக்குளக்கரையிற் கிடந்தவரே.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்றுசேர்ந்து, சேத்துப்பட்டிற் காசநோய் மருந்தாய்வு நிலையத்தை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை நடத்தினார். அப்போது புதிய மருந்துகள் வந்துவிட்டன. அவற்றை ஒரு நோயாளி தன் குடிசையிலேயே இருந்து உட்கொண்டால் என்ன என்பதே வினா. சென்னையின் ஏழை நோயாளர் 193 பேரைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் இரு கூறாக்கினர். ஒரு கூற்றார் ஆரோக்கிய நிலையம் சென்றனர். மறு கூற்றார் வீட்டிலிருந்தே ஓராண்டு மருந்துண்டனர். வீட்டிலிருந்தவர்க்கு உணவு குறைவு, ஓய்வு குறைவு, ஓரறையில் பலர் நெருக்கம். சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி அவர் வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர். உண்டனரா என அறியச் சிறுநீரையும் சோதித்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ ஆரோக்கிய நிலையத்தாரைப் போன்றே குணமடைந்தனர். அவரோடு வாழ்ந்த குழந்தைகளுக்கும் உற்றார்க்கும் அதனால் நோய் மிகுந்து தொற்றவும் இல்லை.

அதன் பின்னர் உலகெங்கும் காசநோயாளர் குடும்பத்தைப் பிரிந்து ஊர்ப்புறத்தே ஆண்டுக்கணக்கிற் கிடக்கவேண்டிய நிலை மாறியது. ஆரோக்கிய நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. எங்கோ ஒரு மேனாட்டிற் காசநோயாளி தன் பிள்ளைகளைப் பிரியாது குணமடைந்திருப்பின், அதற்கு நம் நகரத்து ஓலைக்குடிசைகளிலிருந்த பெயரறியாத மாந்தர் காரணர். மருந்தின் ஆற்றலினும் யாம் வியப்பது, முன்னறிவிப்பின்றி வந்து மாத்திரை எண்ணியவர்க்கு அவ்வேழைகள் கதவு திறந்தார்களே, அதனையே. பூனாவில் அடைபட்ட கதவு சென்னையில் திறந்ததற்குக் காரணம், வந்தவர் கையில் துப்பாக்கி இன்றி மருந்து இருந்தமையும், நேற்று வந்தவரே இன்றும் வந்தமையும் ஆகும்.

அடையாற்றுப் பக்கத்திலும் அவ்வழிச் சென்றோர் உளர். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை மறவாது, 1954இல் புற்றுநோய் மருத்துவ நிலையத்தை அங்கே திறந்தார். அந்நிலையத்தைப் பற்றி எழுதுவோர் அதன் சிகிச்சையையே புகழ்வர். 1980களின் தொடக்கந்தொட்டு இந்நகரத்துப் புற்றுநோயாளரை ஒருவர் விடாது எண்ணிப் பதிந்துவரும் அதன் பதிவேட்டை எவரும் பேசக் காணோம். எண்ணாத நோயை எவ்வாறு தடுப்பது? கருப்பைவாய்ப் புற்று நம் பெண்டிரிடைக் குறைந்து மார்பகப் புற்று மிகுந்துவருகின்றது என்பதை அவ்வேடே நமக்குக் காட்டியது. இனி, 1958இல் மருத்துவர் க. ச. சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ மருத்துவச் சேவை நிலையம் அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ளது. குடும்பத்தின் வருவாய்க்கேற்ப ஆண்டுக்கு ஒரு சிறு தொகை பெற்றுக்கொண்டு குடும்பம் முழுவதையும் காக்கும் திட்டத்தையும், சிற்றூர்தோறும் சிறு சுகாதார நிலையத்தையும் அவர் வகுத்தார். 1986இல், எய்ட்ஸ் நம் நாட்டுக்கு வாராது என்று கற்றோரும் சாதித்திருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவியாயிருந்த செல்லப்பன் நிர்மலா, தம் ஆசிரியை சுனிதி சாலமன் சொற்படி இரத்த மாதிரிகளைத் திரட்டித் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதித்தபோது ஆறில் நோய் காணப்பட்டது. இந்தியாவில் அதுவே முதற் கண்டுபிடிப்பு. 2021இல் நம் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாயிலில் தருகின்றது. பெயரிலேயே வழி தெரிகின்றது.

இத்துணையும் சொன்ன பின் ஒரு கூட்டத்தாரைச் சொல்லாது விடின் யாம் எழுதியது பொய்யாகும். விடியுமுன் நம் வாயிலுக்கு வருபவர் தூய்மைப் பணியாளர். மலத்தை மனிதர் அள்ளுதலைத் தடுக்கும் சட்டம் 1993இலும், இன்னும் வலுவாக 2013இலும் வந்தது. ஆயினும் பாதாளச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறங்கி நச்சுக்காற்றால் மடிந்தோரைப் பற்றிய செய்தி நின்றபாடில்லை. 2025 ஆகஸ்டில் அப்பணியாளர் பல நாள்கள் ரிப்பன் மாளிகையின் முன் அமர்ந்திருந்தனர். தம் பணியைத் தனியார்க்கு விடலாகாது என்பது அவர்தம் முறையீடு. அதன் நீதியை ஈண்டு ஆராய இடமில்லை. ஆனால் அந்நாள்களில் நம் மாணவரிடை எழுந்த பேச்சு, 'குப்பை எடுக்க எப்போது வருவார்கள்?' என்பதே. அவர் உடல்நலத்தை வினவினார் ஒருவரும் இலர். நகரை நோயினின்று காப்பவர்க்கு நோய் வந்தால் அவர் வாயிலைத் தட்டுபவர் எவர்?

நம் கலாசாலை விழாக்களில் மருத்துவராய்ப் புகழ்பெற்ற பழைய மாணவரை வரவழைத்து மாலையிடுகின்றோம். தக்கதே. ஒரு சுகாதார ஆய்வாளரையோ, ஒரு தடுப்பூசிச் செவிலியையோ, ஒரு தூய்மைப் பணியாளரையோ மேடையேற்றியதாக எமக்குத் தெரிந்த பழைய இதழ்கள் ஒன்றிலும் காணோம். வரும் ஆண்டு விழாவில் அவருள் ஒருவரை அழைத்து, அரைமணி நேரம் பேசக் கேட்கவேண்டும் என்று மாணவர் மன்றத்தாரை வேண்டுகின்றோம். மாலை இல்லாவிடினும் தாழ்வில்லை, நாற்காலி வேண்டும்.

பிறரைக் கடிந்துகொண்ட யாம் எம் குற்றத்தையும் சொல்லிவிடுதல் முறை. சென்ற கார்காலத்தில் ஒருநாள், நகராண்மையின் கொசுவொழிப்புப் பணியிலுள்ள அம்மையார் ஒருவர் எம் வீட்டு வாயிலைத் தட்டினார். மொட்டைமாடியையும் நீர்த்தொட்டியையும் பார்க்கவேண்டும் என்றார். யாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தோம். 'அக்கா, நாளைக்கு வாருங்கள்' என்று சொல்லிக் கதவைச் சாத்தினோம். அவர் ஒன்றும் சொல்லாது அடுத்த வீட்டுக்குப் போனார். இரண்டு வாரத்தில் எம் இளையவனுக்குக் காய்ச்சல் கண்டது, டெங்கு என்றனர். ஐந்து நாள் மருத்துவசாலையிற் கிடந்தான். இரத்தத்தட்டுகளின் எண்ணிக்கை காலையும் மாலையும் இறங்கிக்கொண்டே வந்தபோது, அன்னையாரின் முகத்தை யாம் நேரே நோக்கவில்லை. அவன் பிழைத்து வீடு வந்தபின் பாட்டியார் மெல்ல மாடியேறிப் பார்த்தார். கிறிஸ்து பிறப்புக் குடிலில் குளமாக வைத்த பழைய இரும்பு வாணலி ஒரு மூலையிற் கிடந்தது. அதில் மழைநீர் நிறைந்து, புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அதனை அங்கே வைத்தவர் யாமே.

சென்ற திங்களில் அவ்வம்மையார் மீண்டும் வந்தார். இளையவன் ஓடிச் சென்று கதவைத் திறந்தான். அவர் மாடியேறி, தொட்டியின் மூடியைத் தூக்கிக் கைவிளக்கால் நோக்கி, அபேட் மருந்து சிறிது ஊற்றினார். கீழே வந்து ஒரு குவளை நீர் கேட்டுக் குடித்தார். முன்னர் யாம் திருப்பியனுப்பியது அவர் நினைவில் இருந்ததோ இல்லையோ, கேட்க எமக்கு நா எழவில்லை. போகும்போது மின்மானிப் பெட்டியின் அருகே சுவரிற் சுண்ணக்கட்டியால் அன்றைய தேதியை எழுதிச் சென்றார். பண்டிகைக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் அதனை அழிக்கப் போனபோது, அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிடும்படி பாட்டியார் சொல்லிவிட்டார்.